கப்பலா, ரிசார்ட்டா: ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

அக்டோபர் 6 – கேள்வி

மியாமியிலிருந்து கிளம்பும் 7 இரவு கரீபியன் க்ரூஸில் பால்கனி கேபின் 1,000 டாலர் என்று போட்டிருக்கிறது. மாலத்தீவில் ஒரு ரிசார்ட் இரவுக்கு 300 டாலர், அதாவது 7 இரவுக்கு 2,100. கப்பலில் சாப்பாடு, நிகழ்ச்சி, மூன்று ஊர் எல்லாம் சேர்த்தி. இருவர் போகிறோம். கப்பல் பாதி விலைக்கு வருகிறதே, அப்புறம் ஏன் ஆட்கள் ரிசார்ட்டுக்குப் போகிறார்கள்?

அக்டோபர் 6, இரவு – பதில்

பாதி விலை இல்லை. 1,000 என்பது ஒரு ஆளுக்கு, அதுவும் ஒரு கேபினில் இருவர் இருந்தால். 300 என்பது அறைக்கு, அதில் இருவர் தங்கலாம். கப்பல் விளம்பரம் ஆள் கணக்கில் பேசும், ரிசார்ட் விளம்பரம் அறைக் கணக்கில் பேசும். ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால் கப்பல் ஒரு ஆளுக்கு ஒரு இரவு 142.86, ரிசார்ட் 150. விளம்பர விலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த இரண்டு எண்ணிலும் முடிவெடுக்க முடியாது. மேலே ஏறும் செலவுதான் முடிவைச் சொல்லும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுகிறேன். விமான டிக்கெட்டை இரண்டிலும் வெளியே வைக்கிறேன், அது ஊருக்கு ஊர் மாறும்.

அக்டோபர் 7, காலை

கப்பல் கணக்கு, இருவருக்கு, 7 இரவு. கட்டணம், வரி, சுற்றுலா எல்லாம் கணக்குக்காக நடுத்தரமாக எடுத்தவை. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேபின் 2,000. வரியும் துறைமுகக் கட்டணமும் ஆளுக்கு 150 வீதம் 300. சில நிறுவனங்கள் அமெரிக்காவில் இதை விலையிலேயே சேர்த்துக் காட்டுகின்றன. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் மறைவுக் கட்டணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது, அதன் விளைவு. வேறு நாட்டு இணையதளத்தில் பார்த்தால் கடைசிப் பக்கத்தில்தான் தெரியலாம். எதில் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள், இல்லாவிட்டால் 300-ஐ இரண்டு தடவை கூட்டிவிடுவீர்கள்.

அடுத்து டிப்ஸ். பெரிய நிறுவனங்களில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு நாளுக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். 18.50 என்று வைத்தால் 18.50 × 7 × 2 = 259.

பானப் பேக்கேஜ் (நாளுக்கு ஒரே கட்டணத்தில் மதுவும் மற்றப் பானங்களும்) ஆளுக்கு நாளுக்கு 70, அதன் மேல் 18 சதவீத சேவைக் கட்டணம். ஆக 82.60, இருவருக்கு 7 நாளுக்கு 1,156.40. வைஃபை ஒரு கருவிக்கு நாளுக்கு 25, மொத்தம் 175. மூன்று துறைமுகத்தில் சுற்றுலா ஆளுக்கு 80 வீதம் 480. கப்பல் கிளம்பும் நாளில் விமானத்தில் போய் இறங்குவது சூதாட்டம். முந்தின நாளே போய் ஹோட்டலில் தங்க 180. விமான நிலையம், ஹோட்டல், துறைமுகம் என்று கார் போக்குவரத்து 100.

மொத்தம் 4,650.40. ஒரு ஆளுக்கு ஒரு இரவு 332.17. விளம்பரத்தில் இருந்தது 142.86.

அக்டோபர் 7, மாலை

ரிசார்ட் கணக்கு. அறை 300, காலையும் இரவும் சாப்பாடு சேர்த்த ஹாஃப் போர்டு. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி நிற்கும், பேச்சில் 'பிளஸ் பிளஸ்'. முதல் குறி சேவைக் கட்டணம் 10 சதவீதம், இரண்டாவது சுற்றுலா ஜிஎஸ்டி. அது 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம். ஆக 27 சதவீதம்: இரவுக்கு 381, 7 இரவுக்கு 2,667.

பசுமை வரி தனி. 2025 ஜனவரி 1 முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு இரவுக்கு 12 டாலர். அதற்கு முன் 6 ஆக இருந்தது, பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் 6 என்றே இருக்கிறது. 12 × 2 × 7 = 168.

விமான நிலையத்திலிருந்து தீவுக்குச் சீப்ளேன் (தண்ணீரில் இறங்கும் சிறு விமானம்) போக வர ஆளுக்கு 450 என்று 900. மதியச் சாப்பாடு ஆளுக்கு 40 பிளஸ் பிளஸ். வரும் நாளும் கிளம்பும் நாளும் போக 6 நாள், 609.60. தண்ணீர், பழச்சாறு, மது எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளுக்கு 30 பிளஸ் பிளஸ், 533.40. ஒரே ஒரு படகுச் சுற்றுலா ஆளுக்கு 90 பிளஸ் பிளஸ், 228.60.

மொத்தம் 5,106.60. ஒரு ஆளுக்கு ஒரு இரவு 364.76. கப்பலைவிட 32 டாலர்தான் கூட.

அக்டோபர் 8

மேலே தப்பு. 10-ஐயும் 17-ஐயும் கூட்டக்கூடாது. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல்தான் ஜிஎஸ்டி விழும். 300-க்கு 10 சதவீதம் சேர்த்தால் 330, அதற்கு 17 சதவீதம் சேர்த்தால் 386.10. பெருக்க வேண்டிய எண் 1.287. பிளஸ் பிளஸ் போட்ட எல்லா வரியிலும் இதே பிழை ஓடியிருக்கிறது. திருத்திய மொத்தம் 5,160.66, ஆளுக்கு இரவுக்கு 368.62. 54 டாலர் குறைத்துக் காட்டிவிட்டேன்.

எங்காவது 27.6 சதவீதம் என்று பார்த்தால் அது ஜிஎஸ்டி 16 ஆக இருந்தபோது போட்ட கணக்கு. 23.2 என்று இருந்தால் இன்னும் பழசு, 2023-க்கு முன்னால் 12 சதவீதமாக இருந்த காலத்தது. அந்தப் பக்கத்தில் மற்ற விலைகளையும் நம்ப வேண்டாம்.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. டொமினிகன் குடியரசில் 18 சதவீத வரி, 10 சதவீத சேவை. அங்கே ஆல் இன்க்ளூசிவ் (எல்லாச் சாப்பாடும் பானமும் சேர்த்த) விலைகள் பெரும்பாலும் இதை உள்ளடக்கியே வரும். பாலியில் 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டவருக்கு ஒரு பயணத்துக்கு 1,50,000 இந்தோனேசிய ருபியா வரி, ஒரு தடவைதான். இரவுக்கு இரவு ஏறும் வரியா, ஒரு தடவை கட்டும் வரியா என்பதை முதலில் பாருங்கள்.

அக்டோபர் 10

சீப்ளேனுக்குப் பதில் ஸ்பீட்போட்டில் போகக்கூடிய தீவு என்றால் என்ன ஆகும் என்று கேட்டது சரியான கேள்வி. மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தீவுகளுக்கு ஸ்பீட்போட் போக வர ஆளுக்கு 150 என்று வைத்தால் இருவருக்கு 300. மேலே உள்ள கணக்கில் 900 போய் 300 வருகிறது. மொத்தம் 4,560.66, ஆளுக்கு இரவுக்கு 325.76. கப்பல் 332.17. அதே அறை, அதே சாப்பாடு, போகும் வண்டி மட்டும் மாறியதும் ரிசார்ட் மலிவாகிவிட்டது. அறை விலையை வைத்து ரிசார்ட் தேடுவதற்கு முன் வரைபடத்தில் தீவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

போக்குவரத்து மொத்தமாக ஒரு தடவை கட்டுவது. 4 இரவு தங்கினால் சீப்ளேன் 900 ஒரு ஆளுக்கு இரவுக்கு 112.50 ஆகிறது. 7 இரவில் 64.29, 10 இரவில் 45. நான்கு இரவுக்குச் சீப்ளேன் தீவு எடுப்பது விளம்பர அறை விலையில் முக்கால் பங்கைக் கூடுதலாகக் கட்டுவது போல. கப்பலில் முந்தின நாள் ஹோட்டலும் இப்படித்தான், 3 இரவுக் கப்பலுக்கு அது கனமாக இருக்கும்.

சீப்ளேன் பகலில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் மாலை நாலு மணி வாக்கில் இறங்கினால் அன்று தீவுக்குப் போக முடியாமல் போகலாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலே தீவில் ஒரு இரவு தங்க வேண்டும், அந்த இரவுக்கும் தீவு அறைக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். ரிசார்ட் அந்த இரவைத் திருப்பித் தராது. விமானம் இறங்கும் நேரத்தை உறுதி செய்தபிறகு அறையைப் பதிவு செய்யுங்கள், வரிசை மாறக்கூடாது.

இன்னொன்று எடை. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் வழக்கமான அளவு. கவுண்டரில் பெட்டியைத் தராசில் வைத்தபின் தோளில் தொங்கும் பையையும் கழற்றி வைக்கச் சொல்வார்கள். சர்வதேச விமானத்தில் 30 கிலோ அனுமதி இருந்தது என்பது இங்கே செல்லாது, மிகுதிக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். நீந்தும் கண்ணாடி, துடுப்புக் காலணி இவற்றை விட்டுவிட்டு வாருங்கள், நிறைய தீவுகளில் இரவலாகவோ சிறு வாடகைக்கோ கிடைக்கும்.

அக்டோபர் 11

பானப் பேக்கேஜ் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு காக்டெயில் 13, சேவைக் கட்டணத்தோடு 15.34. பேக்கேஜ் நாளுக்கு 82.60. 82.60-ஐ 15.34-ஆல் வகுத்தால் 5.4. ஆக ஒவ்வொரு நாளும் ஆறு கிளாஸ் குடித்தால்தான் லாபம். ஏறும் நாள் பாதி நாள், துறைமுகத்தில் பகல் முழுக்க வெளியே இருப்பீர்கள், ஆனால் 7 நாளுக்கும் கட்டணம் உண்டு. கடலில் மட்டும் இருக்கும் நாட்கள் அதிகமுள்ள பயணமாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும்.

பெரிய நிறுவனங்களில் ஒரு விதி உண்டு: ஒரே கேபினில் ஒரு பெரியவர் மதுப் பேக்கேஜ் எடுத்தால் மற்றப் பெரியவரும் எடுக்க வேண்டும். ஒருவர் குடிப்பவர், மற்றவர் தொடாதவர் என்றால் இருவருக்கும் சேர்த்து ஒருவர் நாளுக்குப் பதினொரு கிளாஸ் குடிக்க வேண்டிய கணக்கு வருகிறது. அப்படிப்பட்ட ஜோடி கிளாஸ் கிளாஸாக வாங்குவதே சரி. ஏறும்போது ஒரு பெரியவருக்கு 750 மில்லி வைன் ஒரு பாட்டில் கைப்பையில் கொண்டுபோகப் பல நிறுவனங்கள் விடுகின்றன, அதுவே இரண்டு மூன்று மாலைக்குப் போதும்.

மாலத்தீவுக்கு மது கொண்டுபோகவே கூடாது. விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் பிடித்து வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 13

மது தொடாதவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படி என்று போட்டுப் பார்த்ததில் 10-ஆம் தேதி சொன்னது கவிழ்ந்துவிட்டது. அதை மறுபடி எழுதுகிறேன்.

கப்பலில் தண்ணீர், சாதாரண டீ, காபி, காலையில் பழச்சாறு பஃபேயில் சேர்த்தி. பேக்கேஜ் 1,156.40 முழுசாகப் போய்விடுகிறது. மீதி 3,494, ஆளுக்கு இரவுக்கு 249.57.

ரிசார்ட்டில் ஹாஃப் போர்டு என்றால் தண்ணீர் பாட்டிலுக்கும் பில் வரும். இரவுச் சாப்பாட்டில் மேசையில் திறந்து வைக்கும் கண்ணாடி பாட்டில் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், மறுநாள் கணக்கில் அது இருக்கும். அறையில் தினமும் வைக்கும் இரண்டு பாட்டில்தான் பெரும்பாலும் இலவசம். தண்ணீர், பழச்சாறுக்கு ஆளுக்கு நாளுக்கு 10 பிளஸ் பிளஸ் என்று வைத்தால் 180.18. சீப்ளேன் தீவு 4,800.30, ஆளுக்கு இரவுக்கு 342.88. ஸ்பீட்போட் தீவு 4,200.30, அதாவது 300.02.

ஆக மது இல்லாதவர்களுக்குக் கப்பல் ஆளுக்கு இரவுக்கு 50 டாலர் மலிவு, ஸ்பீட்போட் தீவோடு ஒப்பிட்டாலும். பேக்கேஜ் எடுப்பவர்களுக்கு ஸ்பீட்போட் தீவு 6 டாலர் மலிவு. முன்பு வண்டிதான் முடிவு செய்கிறது என்று எழுதியது பாதிதான் சரி. கப்பல் பக்கம் பானம், ரிசார்ட் பக்கம் வண்டி. கேபின் வகை, அறை வகை எல்லாம் அதற்கு அப்புறம்.

அக்டோபர் 13, இரவு

ஆல் இன்க்ளூசிவ் எப்போது எடுக்கலாம்: மதியச் சாப்பாடும் பானமும் சேர்த்து மேலே 1,158.30 வந்தது. 7 இரவுக்கு வகுத்து 1.287-ஆல் மறுபடி வகுத்தால் 128.57. ஹாஃப் போர்டிலிருந்து ஆல் இன்க்ளூசிவுக்கு அறைக்கு இரவுக்கு 128 பிளஸ் பிளஸுக்குக் கீழே கேட்டால் எடுங்கள். மது இல்லாதவர்களுக்கு அந்த எல்லை 88. 'ஆல் இன்க்ளூசிவ்' என்று எழுதியிருந்தாலும் அறையில் உள்ள குளிர்பெட்டியும் தனி உணவகங்களும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அக்டோபர் 15

பிள்ளைகளோடு. 'மூன்றாவது, நான்காவது ஆள் இலவசம்' என்று கப்பல் விளம்பரம் வந்தால் கேபின் கட்டணம் மட்டும்தான் இலவசம். வரி, துறைமுகக் கட்டணம் 150, டிப்ஸ் 129.50. ஒரு பிள்ளைக்கு 279.50 கட்டியே ஆக வேண்டும். அப்படியும் கப்பல்தான் மலிவு. மது இல்லாத குடும்பம், இரண்டு பிள்ளைகள், சுற்றுலா பெரியவர் விலைக்கே என்று வைத்தாலும் 3,494 + 559 + 480 = 4,533. நாலு பேருக்கு 7 இரவு, ஆளுக்கு இரவுக்கு 162 வாக்கில்.

ரிசார்ட்டில் பிள்ளைக்கும் பசுமை வரி 12, இரண்டு வயதுக்குள் மட்டும் விலக்கு. சீப்ளேன் பிள்ளைகளுக்குப் பாதி விலை வாக்கில். பெரிய இடி அதுவல்ல. பல வில்லாக்களில் இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை என்பதே உச்சம். இரண்டாவது பிள்ளை வந்ததும் இன்னொரு வில்லா எடுக்கச் சொன்னால் 2,702.70 மறுபடி. தண்ணீர் மேல் கட்டிய வில்லாக்களில் சின்னப் பிள்ளைகளை அனுமதிக்காத இடங்களும் உண்டு. பதிவுக்கு முன் வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

தனியாகப் போகிறவருக்குக் கப்பலில் பெரும்பாலும் இரண்டு ஆள் கட்டணம். 2,000 + 150 + 129.50 = 2,279.50, இரவுக்கு 325 மற்றச் செலவு இல்லாமலேயே. நார்வீஜியன் நிறுவனம் 2010-இல் எபிக் கப்பலில் ஒருவருக்கான ஸ்டூடியோ கேபின்களை 128 வைத்தது. அளவு 100 சதுர அடி, ஜன்னல் வெளிப்பக்கம் இல்லை. அதன்பின் வேறு சில கப்பல்களிலும் ஒற்றைக் கேபின் வந்திருக்கிறது, ஆனால் எண்ணிக்கை குறைவு, முதலில் விற்றுத் தீர்வது அதுதான்.

அக்டோபர் 16

விட்டுப்போனது: விசா. மாலத்தீவில் எல்லா நாட்டவருக்கும் இறங்கியதும் 30 நாள் விசா இலவசம். மியாமியில் ஏற அமெரிக்க விசா வேண்டிய நாட்டவருக்கு விண்ணப்பக் கட்டணமே 185, இருவருக்கு 370. ஆளுக்கு இரவுக்கு 26 டாலர் கூடுகிறது. கிடைத்தால் பல வருடம் செல்லும் என்பதால் முழுச் செலவையும் இந்தப் பயணத்தில் போட வேண்டாம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 19

பருவம். மாலத்தீவில் விலை இறங்குவது மே முதல் அக்டோபர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். கரீபியனில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அப்போது கப்பல் மலிவு. இரண்டிலும் ஆபத்து ஒன்றல்ல. கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடும், நீங்கள் பார்க்க நினைத்த ஊர் போகும். ஒப்பந்தத்தில் துறைமுகத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது. நிற்காத துறைமுகத்தின் கட்டணத்தை மட்டும் கப்பல் கணக்கில் வரவு வைப்பார்கள். ரிசார்ட் நகராது. மழை பெய்தால் ஏழு நாளும் அதே மழையில் இருக்க வேண்டியதுதான், பணம் வராது.

டிசம்பர் 24, 31 தேதிகளில் ரிசார்ட்டில் கட்டாய விருந்து என்று ஆளுக்குத் தனியாகக் கட்டணம் போடுவார்கள். முன்பதிவு உறுதிக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். அந்த வாரத்தில் 300 பிளஸ் பிளஸ் என்பதும் இருக்காது.

மலிவான இரவு வேண்டுமானால் ஏப்ரல், மே மாதங்களில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல்கள் இடம்பெயரும், அக்டோபர், நவம்பரில் திரும்பும். 12 முதல் 15 இரவு, இரவுக் கணக்கில் மிகக் குறைவு. ஒரு வழி விமான டிக்கெட்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டு மகிழுங்கள். வரிசையாக ஆறேழு நாள் கடல்தான் தெரியும், வைஃபை செலவும் பானச் செலவும் அந்த நாட்களில்தான் ஏறும்.

அக்டோபர் 20

கப்பலில் டெபிட் கார்டைப் பதிய வேண்டாம். செலவு செய்யச் செய்ய அந்தத் தொகையை உங்கள் வங்கிக் கணக்கில் பிடித்து வைப்பார்கள். இறங்கிய பின்னும் அந்தப் பிடி விலகச் சில நாள் ஆகும், அதுவரை பணம் உங்கள் கையில் இல்லை. கிரெடிட் கார்டு, அல்லது முதல் நாளே ரொக்கம் வைப்பு. ரிசார்ட்டிலும் முன்பணம் பிடிப்பார்கள், ஆனால் பெரும்பாலும் ஒரே தடவை.

கடைசி இரவு பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிட்டுக் கணக்கை வரி வரியாகப் படியுங்கள், கப்பலின் கைபேசிச் செயலியிலேயே தெரியும். குடிக்காத கிளாஸ், ரத்தான சுற்றுலா இவற்றை அன்றே கவுண்டரில் சொன்னால் நீக்கிவிடுவார்கள். காலையில் அந்தக் கவுண்டரில் நீளமான வரிசை நிற்கும்.

அக்டோபர் 27

சுற்றுலாவுக்கு 480 ஏன், வெளியே பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்ற கேள்விக்கு: கிடைக்கிறது. கப்பல் விற்கும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியே வாங்கியதில் தாமதமானால் கப்பல் போய்விடும், அடுத்த ஊருக்கு விமானம் உங்கள் செலவு. துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள கடற்கரைக்கு வெளியே வாங்குங்கள். தீவின் மறுபக்கம் பேருந்தில் இரண்டு மணி நேரம் என்றால் கப்பலில் வாங்குங்கள். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்திருங்கள், சில தீவுகளில் உள்ளூர் நேரம் ஒரு மணி நேரம் வேறுபடும்.

பயணக் காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றம் (அவசரத்தில் மருத்துவமனை உள்ள ஊருக்குக் கொண்டுபோகும் செலவு) இருக்க வேண்டும், கப்பல், ரிசார்ட் இரண்டுக்கும்தான். கப்பல் மருத்துவர் பில்லைக் கேபின் கணக்கில் ஏற்றிவிடுவார், நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டில் கேட்க வேண்டும். ரசீதோடு மருத்துவக் குறிப்பையும் இறங்குவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.